கூரைப் பாலத்தின் எட்டு மூலைக்கட்டைகள்

ஆரின் பெல்நாப் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு, ஆற்றின்மேல் மரச்சுவரும் கூரையும் போட்டு மூடிய கூரைப் பாலத்தின் மேற்கு வாயிலுக்கு வந்துவிடுவார். ஒரு கையில் காப்பிக் குடுவை இருக்கும். மறு கையில் பதினோரு அடி நீளமுள்ள கழி இருக்கும்; அதன் உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். சற்று உயரமான வண்டி எது வந்தாலும் கையைக் காட்டி நிறுத்துவார். கழியை அதன் அருகில் நட்டுவைத்து, துணிக்கு மேலே வண்டி தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அஞ்சல் வண்டி, பால் வண்டி, திருமணத்துக்குக் கூடாரம் ஏற்றிவந்த வண்டி என எதையும் அவர் விட்டதில்லை. இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. டட்டன் மில் ஊரார் முதலில் சிரித்தார்கள்; பிறகு பழகிக்கொண்டார்கள்; கடைசியில், வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் நூறு கூரைப் பாலங்கள் இருக்கலாம். உயரம் அளக்க ஆள் வைத்திருக்கும் பாலம் எங்களுடையது ஒன்றுதான் என்பார்கள்.

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்பது ஆரினுக்கு மட்டுமே தெரியும்.

மரத்தைப் பல்லால் அரித்துச் சாய்க்கும் பீவர் என்ற நீர்விலங்கு ஒன்று இருந்ததாம். பசிக்கு ஒரு மரத்தை அரித்துச் சாய்த்துவிட்டது. அதன் உச்சியில் ஒரு கொக்கின் கூடு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றுமுதல் பீவர் ஒவ்வொரு காலையும் கரையேறி, வேறு மரத்தில் குடியேறிவிட்ட அந்தக் கொக்கை, "சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போகுமாம். நல்ல பீவர் என்று காடே புகழ்ந்தது. கொக்குக்கும் அதன்மேல் அன்புதான்.

ஆரினின் கதையும் ஏறத்தாழ இதுவே. எழுபத்தெட்டாம் ஆண்டு ஜூலையில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த வயலில் அறுத்துக் காயவைத்த புல்லைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. மேற்கே மேகம் கறுத்துக் கொண்டுவந்தது. இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டிய புல்லை ஒரே நடைக்கு ஏற்றிவிட்டார். பாலத்தின் வாயிலில் வண்டி நுழைந்தது. உள்ளே போனதும் சுமையின் மேல்மூலை இடித்து நின்றுவிட்டது. இடித்தவை மூலைக்கட்டைகள். தூணும் மேல் உத்தரமும் சேரும் இடத்தில் சாய்வாக நின்று, பாலம் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கட்டைகள் அவை. மழையில் நனைந்த புல் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த புல்லை மாடு தின்னாது. வண்டியில் இயந்திர ரம்பம் இருந்தது. தெற்குப் பக்கத்து எட்டு மூலைக்கட்டைகளையும் மேல்நுனியில் அறுத்துச் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கமாகவே வண்டியை ஒட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் இடி விழுந்தபோது புல் களஞ்சியத்துக்குள் இருந்தது.

மறுநாள் மழைக்குள் வந்து எட்டையும் தூக்கி நிறுத்தி ஆணி அடித்தார். அறுத்த வாய் தெரியாமலிருக்க அச்சுக் கிரீஸும் புழுதியும் குழைத்துப் பூசினார். பார்ப்பதற்குக் கட்டைகள் நின்றன. ஆனால் எதையும் தாங்கவில்லை.

ஊரின் சாலைப் பொறுப்பாளராக அப்போது இருந்தவர் லைமன் வீலாக். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் அந்தப் பதவியில் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து இருந்தவர். ஊர் புதிதாக வாங்கிய, சாலையைச் சமப்படுத்தும் கனத்த கிரேடர் வண்டியை ஒருநாள் பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனார், ஊரே பார்த்தது. அடுத்த பனிக்காலம் முடிந்தபோது பாலம் ஆறு ஓடும் திசையில் ஓர் அடிக்கு மேல் சாய்ந்து நின்றது. இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் லைமனின் பதவி போயிற்று. "சாலைப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் பாலம் சேதமுற்றது" என்று பதிவேட்டிலும் எழுதிக்கொண்டார்கள். கை தூக்கச் சொன்னபோது ஆரினும் கை தூக்கினார். தூக்காமலிருந்தால் யாராவது ஏனென்று கேட்பார்களோ என்ற பயம்.

அந்த இருவரும் அதன்பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆரின் அந்த நட்பை விடாமல் வளர்த்தார். லைமன் வீட்டு விறகைப் பிளந்தார், பசுவுக்குப் பிரசவம் பார்த்தார், ஞாயிறுதோறும் அவரோடு காய் நகர்த்தி விளையாடித் தோற்றார். எல்லாம் செய்தார், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நண்பன் போய்விடுவான். அவருக்கு வேறு நண்பர் இல்லை.

இரும்பு வடத்தால் கரையோரப் பாறையில் கட்டிவைக்கப்பட்டிருந்த பாலத்தைச் செப்பனிட, இந்த ஜனவரியில் ஒடெட் லரோக் என்ற பாலத்தச்சர் வடக்கேயிருந்து வந்தார். நாற்பது வயதுப் பெண். காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு மர ஆணி. ஆறு உறைந்திருக்கும்போதே பனிக்கட்டியின் மேல் நின்று சாரம் கட்டிவிட வேண்டும் என்பதால் கடுங்குளிரில் வேலை தொடங்கியது. பாலம் மூடப்பட்டது. வண்டிகள் இல்லை. ஆனாலும் ஆரின் கழியோடும் காப்பியோடும் ஏழு மணிக்கு வந்துவிடுவார். லைமனும் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"வண்டியே வரல, எதுக்குடா குச்சி?" என்றார் லைமன்.

"பழக்கம்."

"பனிச்சறுக்கு வண்டி வந்தா அளப்பியா?"

"உயரமா இருந்தா அளப்பேன்."

மேலே சாரத்தில் நின்றிருந்த ஒடெட் சிரித்தார். "பெரியவங்களே, நீங்க ரெண்டு பேரும் தினம் வந்து உக்காந்தீங்கன்னா சம்பளப் பட்டியல்ல சேத்துருவேன்."

"சேத்துக்கம்மா," என்றார் லைமன். "ஆனா என்னைய கிரேடர் பக்கம் மட்டும் விட்டுறாத. ஊருக்குப் பயம்."

அவர் அப்படித்தான் பேசுவார். நாற்பத்தொரு ஆண்டுகளாகத் தம் வெட்கத்தை யாரும் எடுக்குமுன் தாமே எடுத்து நகைச்சுவையாக நீட்டிவிடுவார். ஒவ்வொரு முறையும் ஆரின் காப்பிக் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒடெட் தெற்குப் பக்கத்துக் கட்டைகளைத் தொட்டார். ஒரு மூலைக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். ஓசை சரியில்லை. உளியால் மேல்நுனியைச் சுரண்டினார். கறுப்புப் பிசுக்கு உரிந்து வந்தது.

"இங்க யாரோ விளையாடியிருக்காங்க," என்றார். அடுத்த கட்டைக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும் போனார். எட்டையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "பெரியவரே, இது பாரத்துல சாஞ்ச பாலமில்ல. பாரம் தாங்காம போயிருந்தா நடுவுல தொய்ஞ்சிருக்கும். தொய்வே இல்ல. எட்டையும் ரம்பத்தால அறுத்து, ஆணி அடிச்சு, மேல கிரீஸ் பூசியிருக்காங்க. பிடிமானம் போனா பக்கவாட்டுல சாயத்தான செய்யும்? புல்லு வண்டி போறதுக்கு இப்படிச் செய்வாங்க. நான் வேற மூணு பாலத்துல பாத்திருக்கேன்."

லைமன் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். "அப்ப கிரேடர்?"

"கிரேடர் மேல எந்தப் பழியும் இல்ல. இந்தப் பாலம் ரெண்டு கிரேடரக் கூடத் தாங்கும்."

லைமன் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு ஆரினின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "கேட்டியாடா? நான் இல்லையாம்."

"கேட்டேன்," என்றார் ஆரின்.

அன்று முதல் லைமனுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வெர்னாவின் கடையில் ஒரு குறிப்பேடு வாங்கினார். எழுபத்தெட்டில் ஊரில் புல் அறுத்தவர்கள், இயந்திர ரம்பம் வைத்திருந்தவர்கள் என்று பட்டியல் போட்டார். விசாரணைக்கு அவர் சேர்த்துக்கொண்ட ஒரே கூட்டாளி ஆரின்.

"மொத்தம் பத்தொம்பது பேரு," என்றார் ஒருநாள். "பதினஞ்சு பேரு செத்துட்டாங்க. ரெண்டு பேரு ஃபுளோரிடா போயிட்டாங்க."

"மீதி ரெண்டு?"

"நானும் நீயும். என்கிட்ட அப்ப மாடே இல்ல. உன்னையும் சந்தேகப்பட்டிருக்கணும்தான். ஆனா நீ குச்சி வெச்சுக்கிட்டு அந்தப் பாலத்தப் பச்சப்புள்ளயாட்டம் பாத்துக்கறவன். உன்னைச் சந்தேகப்பட்டா என் குறிப்பேடே சிரிக்கும்."

ஆரின் குடுவையின் மூடியை இறுகத் திருகினார்.

ஊர்க்கூட்டம் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் லைமன் பாலத்துக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன். ஹார்லன் ஸ்டைல்ஸ்."

ஹார்லன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடை நடத்தும் வெர்னா அவருடைய மகள். ஊரில் வாய்க்கும் கைக்கும் சற்று முரட்டு மனிதராக இருந்தவர். பாவம் எதுவும் செய்யாமலே சந்தேகம் வரவழைக்கும் முகம்.

"என்ன ஆதாரம்?" என்றார் ஆரின்.

"ஊர்லயே உயரமா புல்லு ஏத்தினவன் அவன். என்னைய நீக்கின அன்னைக்கு எல்லாரும் கை தூக்கினாங்க. அவன் மட்டும் எந்திரிச்சு நின்னு தூக்கினான். இதுக்கு மேல என்ன வேணும்? நாளைக்குக் கூட்டத்துல சொல்லப்போறேன்."

"செத்தவன விட்டுருடா, லைமன். வெர்னா அங்கதான் காப்பி ஊத்திக்கிட்டு நிப்பா."

"நான் நாப்பத்தோரு வருஷம் உயிரோட இருந்து கேட்டுக்கிட்டேன். அவன் செத்துப்போயி ஒரு நாள் கேட்டா என்ன?"

அன்று ஆரின் காப்பியைக் குடிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு நண்பனை இழக்கக் கூடாதென்று நாற்பத்தொரு ஆண்டு வாய்மூடியிருந்ததன் விலை இதுவரை லைமன் தலையில் மட்டும் விழுந்திருந்தது. நாளை முதல் அது வெர்னாவின் தலையிலும் விழும்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பாதிப்பேர் கையில் பின்னல் ஊசி, மீதிப்பேர் கையில் டோனட். ஏழாவது பொருள், பாலத்தின் செப்பனிடல். ஒடெட் எழுந்து கண்டதைச் சுருக்கமாகச் சொன்னார். கூடம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. லைமன் குறிப்பேட்டை விரித்துக்கொண்டு எழுந்தார்.

"அவைத்தலைவரே, அந்த வேலையைச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு இப்ப இங்க இல்ல..."

பின்வரிசையில் வெர்னா காப்பிக் கூசாவைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"ஒழுங்குப் பிரச்சினை," என்று கூட்ட விதிப்படி பேச்சை இடைமறித்து ஒரு குரல் வந்தது. ஆரின் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஒழுங்குப் பிரச்சினை, ஆரின்?" என்றார் அவைத்தலைவர்.

"அந்த ஆளு இங்கதான் இருக்காரு. லைமன் சொல்லப்போற பேரு தப்பு. பேரு ஆரின் பெல்நாப்."

கூடம் கொல்லென்று சிரித்தது. நண்பனைக் காப்பாற்ற நண்பன் பழியேற்கிறான் என்றுகூட ஒருவர் கைதட்டினார். ஆரின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மேகம் எந்தப் பக்கம் கறுத்தது, எந்த உத்தரத்தில் சுமை முதலில் இடித்தது, எத்தனை அங்குல ஆணி அடித்தார், கிரீஸை எந்த டப்பாவிலிருந்து எடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான்கு அங்குல ஆணி என்றபோது ஒடெட் தலையை மெல்ல ஆட்டினார். பின்னல் ஊசிகள் நின்றுவிட்டன.

"பதிவேட்டுல லைமன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதணும்னு முன்மொழியறேன்," என்று முடித்தார்.

பின்வரிசையில் வெர்னா கூசாவைக் கீழே வைத்துவிட்டு, "வழிமொழியறேன்," என்றார். தம் தந்தையின் பெயர் எவ்வளவு அருகில் வந்துவிட்டுப் போயிற்று என்பது தெரியாமலே வழிமொழிந்தார். தீர்மானம் நிறைவேறியது.

லைமன் குறிப்பேட்டை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஊர்க்கூட்டத்து மதிய உணவை அவர் தவறவிட்டது அதுவே முதல்முறை.

மூன்று நாட்கள் ஆரின் வீலாக் வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்று நாளும் உள்ளே வானொலியின் ஓசை மட்டும் கூடியது. நான்காம் நாள் காலை லைமன் பாலத்துக்கு வந்தார். நாற்காலி கொண்டுவரவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல வேணும்னே தோத்தியா?" என்றார்.

"பாதி ஆட்டம்."

"அதுவேறயா." லைமன் பனியைக் காலால் கிளறினார். "எனக்குக் கோபம் அடங்கல. அடங்குமான்னும் தெரியல. ஆனா எனக்குப் போனது ஒரு பதவி. எங்கிட்டயும் சொல்லிட்ட, ஊர்கிட்டயும் சொல்லிட்ட. ஆர்டிஸ்கிட்ட யாரு சொன்னது?"

ஆர்டிஸ் லைமனின் மனைவி. தேவாலயத்தின் சனிக்கிழமை பீன்ஸ் விருந்தை ஒரு காலத்தில் தனியாளாக நடத்தியவர். லைமனின் பதவி போன அந்த வாரம், அடுப்பிலிருந்து பெரிய பானையை அவர் தூக்கும்போது யாரோ ஒருவர், "வீலாக் கையில குடுக்காதீங்கப்பா, அதுவும் சாஞ்சிரும்," என்றார். விருந்தே சிரித்தது. ஆர்டிஸ் கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், அதன்பிறகு எந்த விருந்துக்கும் வரவில்லை.

"அன்னைக்கு நீயும் சிரிச்ச," என்றார் லைமன். "நான் பாத்தேன். எல்லாரும் சிரிக்கிறப்ப ஒருத்தன் சிரிக்காம இருக்க முடியாதுன்னு விட்டுட்டேன். இப்ப அது வேற மாதிரி தெரியுது."

அன்று மதியம் ஆரின் போனபோது, ஆர்டிஸ் சமையலறையில் உலர்ந்த பீன்ஸைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆரின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்; ஆர்டிஸ் உட்காரச் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஆர்டிஸ் ஒருமுறைகூட நிமிரவில்லை.

"சிரிச்சதுக்கும் மன்னிப்புக் கேக்கறேன்," என்றார் ஆரின். "உங்களுக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. செய்யறேன்."

ஆர்டிஸ் ஒரு கல்லை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். "பாலம் எப்பத் திறக்குது?"

"ஜூன் கடைசி சனிக்கிழமைன்னு ஒடெட் சொல்றா."

"அன்னைக்குப் பாலத்து மேலயே விருந்துன்னு வெர்னா சொன்னா. பீன்ஸ் நான் வேகவைக்கிறேன். நீ ஒவ்வொரு மேசைக்கும் போயி, இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லணும். எங்க வீட்டுக்காரரு செய்யல, நான் செஞ்சேன், ஆர்டிஸப் பாத்துச் சிரிச்சேன்னு."

"எல்லா மேசைக்குமா?"

"அன்னைக்கு எல்லா மேசையும்தான சிரிச்சுது."

"உக்காரப்போறவங்கள்ல பாதிப்பேரு அப்பப் பொறக்கவே இல்லையே, ஆர்டிஸ்."

"இப்பப் பொறந்துட்டாங்கல்ல?"

ஏப்ரலில் பனி உருகிச் சேறாயிற்று. மே மாதத்தில் ஒடெட்டின் ஆட்கள் வடங்களைப் பூட்டி, நாளுக்கு ஓர் அங்குலமாகப் பாலத்தை இழுத்து நிமிர்த்தினார்கள். புதிய மூலைக்கட்டைகள் எட்டும் ஆரினின் சதுப்பு நிலத்து லார்ச் மரங்களிலிருந்து வந்தவை. வேரும் அடிமரமும் இயற்கையாகவே வளைந்து சேரும் இடம் இரும்பைவிட உறுதி என்று ஒடெட் சொன்னார். வேர்களை ஆரின் தம் கையால் தோண்டினார். அதை ஒரு பெரிய காரியமாக யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. லைமன் வரப்பில் நின்று, "இன்னும் ஆழமா வெட்டு," என்பார். மூன்று மாதத்தில் அவர் ஆரினிடம் பேசியதில் பெரும்பகுதி அதுதான்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை, பாலத்தின் ஒரு வாயிலிலிருந்து மறுவாயில் வரை பதினொரு மேசைகள் போட்டார்கள். ஆற்றின் வெளிச்சம் பலகை இடுக்குகள் வழியாக வந்து மேசை விரிப்புகளில் ஆடியது. கிழக்கு வாயிலில் ஆர்டிஸ் வீலாக் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மேப்பிள் பாகு மணக்கும் பீன்ஸ் பானைக்குப் பின்னால் நின்றார். ஊர் திரும்பி அவரைப் பார்த்தது; பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது.

ஆரின் முதல் மேசைக்குப் போனார். தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். இரண்டாவது மேசையில் பேச்சு சற்றுத் தெளிந்தது. மூன்றாவது மேசையில் ஓர் இளம் தம்பதியர், சென்ற ஆண்டுதான் பாஸ்டனிலிருந்து குடிவந்தவர்கள், கிரேடர் என்றால் என்னவென்று கேட்டார்கள், அதையும் விளக்கினார். நான்காவது மேசையில் எல்லாருக்கும் கதை ஏற்கெனவே கேட்டிருந்தது.

"எங்களுக்குத் தெரியும் ஆரின், விடு, சாப்பிடு," என்றார் ஒருவர்.

"இல்ல, சொல்லணும்," என்று தொப்பியைக் கழற்றினார்.

ஐந்தாவது மேசையில் லைமன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வெர்னா. ஹார்லன் பெயரைச் சொல்ல இருந்ததை அதற்குள் லைமனே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெர்னா பிரவுன் ரொட்டித் தட்டை லைமனுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருந்தார். ஆரின் சொல்லத் தொடங்கியபோது லைமன் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முன்பின் கேட்டறியாதவர் போல முழுவதும் கேட்டார்.

ஆறாவது மேசையில் ஆரின் களைத்துப்போய்ச் சற்றுச் சுருக்கினார். புல், மழை, ரம்பம் என்று சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார். பின்னால் ஆர்டிஸ் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு குவளைத் தண்ணீர்.

"சிரிச்சத விட்டுட்ட," என்றார்.

ஆரின் மேசையின் பக்கம் திரும்பி அதையும் சொன்னார். பானையை ஆர்டிஸ் தூக்கினார் என்றும், ஒருவர் கேலி செய்தார் என்றும், உண்மை தெரிந்த ஒரே ஆளாக அங்கே இருந்த தாம் மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தார் என்றும் சொன்னார். உரக்க என்பதை அதுவரை எந்த மேசையிலும் அவர் சொல்லியிருக்கவில்லை.

ஆர்டிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குவளையை அவர் கையில் கொடுத்தார்.

"குடி. இன்னும் அஞ்சு மேசை இருக்கு."

ஆரின் தண்ணீரைக் குடித்தார். ஏழாவது மேசைக்குப் போனார்.